கொடியை உள்ளே மாற்றியவர்

வெள்ளை உடுப்போடு ஒரு சிஸ்டர் நோயாளிக் கட்டிலில் ஏறி மல்லாக்கப் படுத்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கோவில்பட்டியில் நான் ஆயாவாக வேலை பார்த்த ஆஸ்பத்திரி. அதன் பேர் இப்போது வேண்டாம். பிரசவ வார்டில் பன்னிரண்டு கட்டில். சிஸ்டரம்மா வடக்கே போய் நர்ஸு மேல்படிப்பு முடித்துத் திரும்பி வந்து, எங்கள் வார்டுக்குப் பொறுப்பேற்ற முதல் நாள் அது. நேரே வந்தார், காலியாகக் கிடந்த நாலாம் நம்பர் கட்டிலில் படுத்தார், இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்தார். ஆயாமார் மூன்று பேரும் முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு நின்றோம்.

"மேல்படிப்புல இதத்தான் சொல்லிக்குடுத்தாவளாக்கும்" என்று எஸ்தர் நர்ஸ் என் காதைக் கடித்தாள்.

சிஸ்டரம்மா படுத்தபடியே கையை நீட்டினார். தண்ணீர்ச் செம்பு இருந்த ஸ்டூல் கால்மாட்டுப் பக்கம் இருந்தது. எட்டவில்லை.

"வயித்துல தையல் போட்டவ இந்தத் தண்ணிய எப்படி எடுப்பா?"

நாங்கள் ஸ்டூலைப் பார்த்தோம்.

"எந்திரிச்சாத்தான் எட்டும். எந்திரிச்சா தையல் இழுக்கும். அதனால குடிக்காமக் கிடப்பா. நாம என்ன எழுதுதோம்? தண்ணி குடிக்க மாட்டேங்கான்னு எழுதுதோம்."

அன்றைக்கே பன்னிரண்டு ஸ்டூலும் தலைமாட்டுக்கு வந்துவிட்டன. அந்த வார்டில் ஆறு வருசமாகத் தரை துடைத்த எனக்கு அது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அது சின்ன வெட்கம். பெரியதைச் சொல்லத்தான் இந்த நோட்டை எடுத்திருக்கிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற எழுத்து. கோணல் மாணலாகத்தான் வரும்.

அவர் மேல்படிப்புக்குப் போனதே ஊரில் பெரிய கேலியாக இருந்தது. டாக்டருக்குப் படிக்கப் போனால் புரியும். நர்ஸு வேலையே தெரிந்த ஒருத்தி, நர்ஸு வேலைக்கே இன்னும் இரண்டு வருசம் படிக்க ரயில் ஏறிப் போனால் என்ன சொல்வார்கள்? ஆஸ்பத்திரி வாசலில் வெற்றிலைக் கடை வைத்திருந்த அண்ணாச்சி, "கட்டுப் போடுததுல பி.ஏ., ஊசி போடுததுல எம்.ஏ.வா?" என்று கேட்டுச் சிரிப்பார். சிஸ்டரம்மாவும் கூடவே சிரிப்பார். கோபம் வராது.

ஒரு நாள் துணி மடிக்கும்போது நானே கேட்டேன். அவரிடம் நானாகக் கேட்டது அது ஒன்றுதான். "அங்கன என்னம்மா படிச்சீங்க?"

"கேக்கதுக்குப் படிச்சேன் பொன்னு" என்றார். "முன்னால எனக்குச் சொல்லத்தான் தெரியும். இதச் செய்யி, அதச் செய்யின்னு. ஒரு வார்டைப் பாத்துக்கணும்னா கேக்கத் தெரியணும்."

எனக்குப் புரியவில்லை. தலையை ஆட்டினேன்.

நான் அப்படித்தான். யார் முன்னாலும் வாய் வராது. சின்னதிலிருந்தே அந்தக் கூச்சம். வகுப்பில் வாத்தியார் பேர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" சொல்ல முடியாமல், இருந்துகொண்டே இல்லாதவளாகப் பதிவானவள் நான். சிஸ்டரம்மா அதை எங்கள் வார்டுக்கு வந்த ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கோடையில் மாட்டு வண்டியில்தான் தண்ணீர் வரும். அந்தத் தண்ணீரிலும் கை கழுவாமல் வார்டுக்குள் யாரும் நுழையக் கூடாது என்று சிஸ்டரம்மா ஒரு ஏற்பாடு செய்தார். வாசலில் ஒரு ஆள் செம்போடு நிற்க வேண்டும். வருகிறவர் கையை நீட்ட வேண்டும். அந்த வேலை எனக்கு வந்தது. பெரிய டாக்டர் வருவாரே, அவரிடம் போய் "கையக் கழுவுங்க"ன்னு நான் எப்படிச் சொல்வேன்?

"நீ ஏன் சொல்லுத? செம்ப நீட்டு. அது சொல்லும்" என்றார் சிஸ்டரம்மா.

மறுநாள் பெரிய டாக்டர் வேகமாக வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு, அவர் நெஞ்சுக்கு நேராகச் செம்பை நீட்டினேன். செம்பு தளும்பி அவர் பூட்ஸில் தண்ணீர் சிந்தியது. அவர் என்னைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார். பிறகு முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கையை நீட்டினார். உள்ளே நின்ற சிஸ்டரம்மா என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். அப்புறம் சொன்னார்:

"உனக்கு வாய் வேண்டாம் பொன்னு, செம்பு போதும்."

அந்தச் சொல்லை நான் வீட்டில் போய்ப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அவர் கொண்டுவந்த இன்னொரு ஏற்பாடுதான் எனக்கு எமனாக வந்தது. காலையில் ஏழு மணிக்கு வேலை முடித்துப் போகிறவர்களும் வேலைக்கு வருகிறவர்களும் சேர்ந்து கட்டில் கட்டிலாகப் போக வேண்டும். நர்ஸுகள், ஆயாமார், தோட்டி முத்தையா என்று எல்லாரும். ஒவ்வொரு கட்டிலிலும் இன்ன மருந்து கொடுத்தது, இன்ன சமயம் பிள்ளை பால் குடித்தது என்று சொல்லி முடித்த பிறகு, கடைசியில் சிஸ்டரம்மா ஒரு கேள்வி கேட்பார். "விட்டுப்போனது என்ன?"

முதல் நாள் சிஸ்டரம்மாவே ஆரம்பித்தார். "ஒம்பதாம் நம்பர் கட்டிலுக்கு நேத்து ராத்திரி எட்டு மணி ஊசிய நான் ஒம்பதரைக்குப் போட்டேன். சீட்டைப் பாக்க மறந்துட்டேன்." அதை ஒரு நீள நோட்டில் அவரே எழுதினார். யார் என்று எழுதவில்லை. என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி என்ன செய்யலாம், அவ்வளவுதான். திட்டு கிடையாது, முகம் சுளிப்பது கிடையாது.

மெள்ள மெள்ள மற்றவர்களுக்கும் வாய் வந்தது. முத்தையா ஒரு நாள், "மூணாம் நம்பர் வாளிய நான் கழுவாமலே வச்சிட்டேன் தாயி, ஓட்ட வாளி, ஊத்துன தண்ணி நின்னாத்தான கழுவ?" என்று சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டோம். மறுநாள் புது வாளி வந்தது. எஸ்தர்கூடச் சொல்ல ஆரம்பித்தாள். கேலி பேசினவளே, "இத எழுதுங்க சிஸ்டர், இல்லன்னா நாளைக்கு நானே மறுபடியும் செய்வேன்" என்பாள்.

நான் மட்டும் சொன்னதில்லை. சொல்ல ஒன்றும் இல்லாமல் இல்லை. நடுவில் சிஸ்டரம்மா, பின்னால் பத்துப் பேர். அத்தனை கண் என்மேல் திரும்புமே என்று நினைத்தாலே நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாம் வருசம் ஐப்பசியில் நல்ல மழை. தை பிறந்ததும் சிஸ்டரம்மாவை ஆஸ்பத்திரிக்கே தலைமை நர்ஸாக்கி, நர்ஸு படிக்கும் பெண்களுக்கு அங்கேயே ஒரு வகுப்பும் ஆரம்பிப்பது என்று ஆஸ்பத்திரி நடத்தும் கமிட்டியில் முடிவாகியிருந்தது. அதற்காகத்தான் அவரைப் படிக்கவே அனுப்பினார்கள். பெஞ்சுகூட வந்து இறங்கிவிட்டது.

எங்கள் ஊர்க் கரிசல் மழையில் எப்படி ஆகும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கால் வைத்தால் பிடித்துக்கொள்ளும். அடுத்த அடிக்குக் காலைத் தூக்கினால் மண்ணும் கூடவே வரும். நாலு எட்டில் காலில் இரண்டு சேர் கனம். வார்டுக்கும் சமையல் கொட்டகைக்கும் நடுவில் அந்த மாதிரி முற்றம். கொட்டகையில் அடுப்புக்குப் பக்கத்தில்தான் துணி காயப் போடும் கொடி இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து வந்த மாரியம்மாளுக்கு ஆபரேஷன் செய்து பிள்ளை எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்த ஆபரேஷன். கட்டிலுக்குக் கொண்டுவந்ததும் அவளுக்குக் குளிர் வெட்டியது. பல் கிடுகிடுவென்று ஆடியது.

"ஏட்டி, யாராவது இவ கால்மாட்டுல வெந்நிப் பாட்டில் வையிங்கட்டி" என்று எஸ்தர் குரல் கொடுத்துவிட்டு, அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

குளுக்கோஸ் வந்த கண்ணாடிப் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, ரப்பர் மூடி போட்டு, கம்பளித் துணியில் தைத்த உறைக்குள் போட்டுத்தான் வைக்க வேண்டும். வைப்பதற்கு முன்னால் உள்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது, அதனால் உறை இல்லாமல் வைக்கவே கூடாது. இதைச் சிஸ்டரம்மா எங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்! நான் பாட்டிலை ரொப்பினேன். உறையைத் தேடினேன். நாலு உறையும் துவைத்துக் கொட்டகையில் காய்ந்துகொண்டிருந்தன.

நான் அப்போதுதான் கொட்டகைக்குப் போய்வந்து, ஒரு குச்சியை வைத்து விரலிடுக்கெல்லாம் சுரண்டிக் கால் கழுவியிருந்தேன். வாசலில் நின்று முற்றத்தைப் பார்த்தேன். இருபது எட்டு வைத்தால் கொட்டகை. போக இருபது, வர இருபது. மறுபடியும் அந்தச் சகதியில் இறங்கணுமே, மறுபடியும் காலைச் சுரண்டணுமே என்று அலுப்பாக இருந்தது.

அவ்வளவுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் சண்டை என்று ஏதாவது இருந்திருந்தால் இப்போது எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும். இல்லை. கால் கழுவச் சோம்பினேன்.

பழைய சேலைக் கிழிசலைப் பாட்டிலில் இரண்டு சுற்றுச் சுற்றி, மாரியம்மாளின் குதிங்காலை ஒட்டி வைத்து, போர்வையை இழுத்து மூடினேன். "நல்லா இரு தாயி" என்றாள் அவள்.

பொழுது சாய்வதற்குள் சிஸ்டரம்மா சுற்றி வந்தபோது போர்வையை விலக்கிப் பார்த்தார். கிழிசல் நழுவிக் கிடந்தது. குதிங்காலிலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் தோல் கொப்பளித்து உள்ளங்கை அகலத்துக்கு நின்றது. மாரியம்மாளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவளுடைய புருசன் தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பெரிய டாக்டர் முன்னால் நின்றான். சத்தம் போடவில்லை. "வயித்துலதானய்யா அறுத்தீங்க? கால் எப்படிய்யா வெந்தது?" என்று கேட்டான். "இவ ஒரு நாளைக்குப் பத்து மைல் நடக்கவ. பருத்திக்குக் களை வெட்டுதவ. இந்தக் கால வச்சிக்கிட்டு என்ன செய்வா?"

அதே காலையில் நாங்கள் மாரியம்மாள் கட்டிலைச் சுற்றி நின்றோம்.

சிஸ்டரம்மா நோட்டை விரித்தார். "பாட்டில் எட்டு இருக்கு. உறை நாலுதான். மழைக்காலம் வரும்னு எனக்குத் தெரியும். கூட உறை தைக்கச் சொல்லல. அது என்கிட்ட விட்டுப்போனது." எழுதினார். நிமிர்ந்தார். "வேற யாருக்காவது?"

எஸ்தர், "நான் யாராவது வையுங்கன்னு பொதுவாச் சொல்லிட்டுப் போயிட்டேன் சிஸ்டர். திரும்பி வந்து பாக்கல" என்று சொல்லி அழுதாள். அதையும் எழுதினார்.

"வேற?"

என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நகக்கண்ணில் கொஞ்சம் கரிசல் மண் ஒட்டியிருந்தது.

இரண்டாம் நாளும் கேட்டார். மூன்றாம் நாளும் கேட்டார். கடிந்து கேட்கவில்லை. "யாரு வச்சா" என்று கேட்கவே இல்லை. "எப்படி நடந்தது, சொன்னா இன்னொருத்திக்கு நடக்காது" என்றார். வேலை போய்விடும், தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கத்தான் போக வேண்டும் என்ற பயம் எனக்கு இருந்தது. ஆனால் அது பாதிதான். வேலையை விடவும், அத்தனை பேர் முன்னால் "கால்ல சகதி ஒட்டுமேன்னு போகல" என்று சொல்லி நிற்பதுதான் எனக்கு முடியாததாக இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் கமிட்டிக்காரர் இரண்டு பேரோடு பெரிய டாக்டர் வந்தார். நான் வாசலில் செம்போடு நின்றேன். என் கையால் தண்ணீர் வாங்கிக் கழுவிவிட்டுத்தான் மூன்று பேரும் உள்ளே போனார்கள். பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது.

"ஆயா மூணு பேருதான். எவளுன்னு சொல்லுங்க, சீட்டைக் கிழிச்சு அனுப்பிடுவோம்" என்றார் பெரிய டாக்டர். "ஆள் போயிட்டா அந்தாளும் சமாதானமாயிடுவான்."

"ஒருத்திய அனுப்புனா மத்த ரெண்டு பேரும் அடுத்த தடவ மறைப்பாங்க டாக்டர். எனக்குப் பேரு வேண்டாம். எப்படி நடந்ததுன்னு தெரிஞ்சாப் போதும்."

கமிட்டிக்காரர் ஒருவர் அந்த நீள நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "என்னம்மா இது? செஞ்ச தப்பையெல்லாம் நீங்களே கைப்பட எழுதி வச்சிருக்கீங்க? வெளிய தெரிஞ்சா ஆஸ்பத்திரிக்கு எவன் வருவான்? இதுக்கா ரெண்டு வருசம் படிக்க அனுப்புனோம்?"

"ஆமா" என்றார் சிஸ்டரம்மா.

"அப்ப இந்தக் காலுக்கு யாரு பொறுப்பு?"

"வார்டு என்னது. நான்."

ஒரு எட்டு உள்ளே வைத்திருந்தால் போதும். கையில் செம்பு இருந்தது. அதை நீட்டி அன்றைக்கு ஒன்றும் ஆகாது. வாய் வேண்டியிருந்தது.

தலைமைப் பதவியும் இல்லை, வகுப்பும் இல்லை என்று ஆயிற்று. பெஞ்சைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்கள். வார்டுப் பொறுப்பும் இனி வேறு ஆளுக்கு என்றார்கள். சிஸ்டரம்மா ராஜினாமா எழுதிக் கொடுத்தார். போவதற்கு முந்தின நான்கு நாளும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, பழைய கம்பளியைக் கத்தரித்துப் பதினாறு உறை தைத்தார். எனக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கும் வேலை.

கடைசி நாள் காலை நான் வேலைக்கு வந்தபோது முத்தையா ஏணிமேல் நின்றுகொண்டிருந்தான். கீழே சிஸ்டரம்மா ஆணியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொட்டகையில் இருந்த கொடியை அவிழ்த்து, வார்டுக்குள்ளேயே, வெந்நீர் அண்டா இருக்கும் மூலைக்கு மேலே கட்டிக்கொண்டிருந்தார்கள். உறைகள் வரிசையாகத் தொங்கின.

"இனிமே யாரும் முத்தத்துல இறங்க வேண்டாம் பொன்னு" என்றார் என்னைப் பார்த்து. "அந்தச் சகதிய மனுசி ஒரு நாளைக்கு எத்தன தடவ மிதிப்பா?"

நான் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றேன். யார் என்பது மட்டும் இல்லை, எதற்காக என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாலாம் நம்பர் கட்டிலில் படுத்துப் பார்த்தவர், ஒருவேளை வாசலில் வந்து என் இடத்திலும் நின்று பார்த்திருப்பார்.

அவர் போன பிறகு மாரியம்மாள் ஒன்றரை மாதம் கிடந்தாள். நான்தான் அவளுடைய காலுக்குக் கூடமாட இருந்து கட்டு மாற்றுவேன். "நீ ஒருத்திதாக்கா மொகஞ் சுளிக்காமப் பாக்க" என்பாள். ஊருக்குப் போகிறபோது குதிங்கால் ஊன்றாமல், நுனிக்காலில்தான் நடந்து போனாள். காலை ஏழு மணிக்குக் கட்டில் கட்டிலாக நிற்பது நின்றுபோயிற்று. புதிதாக வந்த சிஸ்டர் "யாரு செஞ்சது?" என்றுதான் கேட்பார். நாங்கள் மூன்று பேரும் அந்தக் கேள்விக்கு நன்றாகப் பழகிக்கொண்டோம்.

ஐந்தாறு வருசம் கழித்து ஒரு நாள், என் தங்கச்சி குடும்பத்தைத் திருநெல்வேலிக்கு ரயில் ஏற்றிவிடக் கோவில்பட்டி ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். பிள்ளைகளுக்குக் குடிக்கச் செம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். அவர்கள் வேண்டாம் என்றார்கள். திரும்பினால், இரண்டு பெட்டி தள்ளி ஜன்னலிலிருந்து, "பொன்னு!" என்று கூப்பிட்ட குரல்.

சிஸ்டரம்மா. முன்தலை நரைத்திருந்தது. வெள்ளை உடுப்பு இல்லை, நூல் சேலை. ஏதோ தூரத்து ஊரில் நர்ஸு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னார்.

"கொடி உள்ளதான இருக்கு?"

"உள்ளதாம்மா இருக்கு. அந்த உறையெல்லாம் நைஞ்சிட்டு. நான் புதுசு தச்சிட்டேன்."

"எத்தன?"

"இருவது."

அவருக்கு முகம் மலர்ந்தது. பிறகு, பழைய பழக்கத்தில் கேட்பது மாதிரிச் சிரித்துக்கொண்டே கேட்டார். "வேற, விட்டுப்போனது ஏதும் உண்டா?"

சுற்றி யாரும் இல்லை. பத்துப் பேர் இல்லை, கமிட்டி இல்லை. அவர், நான், நடுவில் ஜன்னல் கம்பி.

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

தலையை அசைத்தார். கோபம் இல்லை. "எனக்கு ஒண்ணு உண்டு" என்றார். "வருசா வருசம் பிள்ளைகளுக்குச் சொல்லுதேன். ஒரு வார்டுல ஒருத்தி இருந்தா. கை பேசும், வாய் பேசாது. அது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும், பத்துப் பேருக்கு நடுவுல நிக்க வச்சு மூணு நாள் அவகிட்ட வாயக் கேட்டேன். தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். இவ்வளவு படிச்சும் அது எனக்குத் தோணாமப் போச்சு. அது என்கிட்ட விட்டுப்போனது."

என்ன செய்வது என்று தெரியாமல், கையிலிருந்த செம்பை ஜன்னலுக்கு நேராக நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். சிரித்தார். வளையல் இல்லாத இரண்டு கையையும் கம்பிக்கு வெளியே நீட்டினார். நான் ஊற்றினேன். கரிப்புகை படிந்த கையை, விரல் விரலாக, நகக்கண் நகக்கண்ணாக, எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே அவசரமில்லாமல் கழுவினார். வண்டி இன்னும் ஊதவில்லை.

செம்பில் தண்ணீர் தீரும்வரை ஊற்றிக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை சொல்ல அது போதுமான நேரம்.